மூன்றாவது பிளக்

“சிறு துரும்பும் பல் குத்த உதவும்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்தத் துரும்பு தன் வேலையைச் செய்யாமல் நின்றுவிட்டால் எவ்வளவு பெரிய காரியம் தடைபடும் என்பதைக் கடந்த நவம்பர் மாதம், அடைமழை பெய்த ஓர் இரவில் நாங்கள் கண்டோம். அந்த அனுபவமே இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது.

அன்று இரவு ஒன்பதரை மணியிருக்கும். எங்கள் விடுதியில் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்திக்கு மூச்சிரைப்பு கண்டது. நேரம் ஆக ஆக அவளால் பேசவும் முடியவில்லை. காப்பாளர் சிஸ்டர் அவளைப் போர்வையில் சுற்றி, மடத்து வேனில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள். டிரைவர் அண்ணாச்சி வண்டியை எடுத்தார். வழக்கம்போல் வேன் இருமிக்கொண்டே போயிற்று. அந்த இருமல் எங்களுக்குப் புதிதன்று. ஐந்து மாதமாகவே கேட்டுப் பழகியிருந்தோம். “நம் வேனுக்குச் சளி பிடித்திருக்கிறது” என்று கேலியும் பேசியிருந்தோம்.

பாதி வழியில், பாலத்தடியில் தேங்கியிருந்த நீரைக் கடந்ததும் இருமலும் நின்றது; வேனும் நின்றது. அண்ணாச்சி மழையில் ஓடி, ஓர் ஆட்டோவை அழைத்து வருவதற்குள் இருபது நிமிடங்கள் கழிந்துவிட்டன. இறைவன் அருளால் தங்கை நலமடைந்து நான்காம் நாள் விடுதிக்குத் திரும்பினாள். ஆயினும் அந்த இருபது நிமிடங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிஸ்டரின் குரல் தாழ்ந்துவிடும். நாங்களும் அதற்குப் பிறகு வேனைக் கேலி செய்யவில்லை.

மறுநாள் அறிவியல் வகுப்பில் எங்கள் ஆசிரியை சிஸ்டர், “மின்சாரப் பாடம் படிக்கிறீர்கள் அல்லவா? சனிக்கிழமை அண்ணாச்சி வேனைப் பிரித்துப் பார்க்கிறார். நான்கு பேர் போங்கள். கேள்வி கேளுங்கள். கை அழுக்காகுமே என்று வெட்கப்படாதீர்கள்” என்றார்கள். அப்படித்தான் நாங்கள் நால்வர், பழைய பாவாடையும் கிழிந்த துண்டுமாக வேன் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நெருக்கடியான வீடு

எங்கள் மடத்து வேன் மாருதி ஆம்னி வகையைச் சேர்ந்தது. இவ்வகை வேன் 1984-இல் நம் நாட்டில் அறிமுகமாயிற்று. 2019-இல் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆயினும் காய்கறி ஏற்றவும் நோயாளிகளை அழைத்துச் செல்லவும் இன்றும் பல ஊர்களில் இதைக் காணலாம். நீளம் 3.37 மீட்டர்தான். அதற்குள்ளே ஐந்து பேர் தாராளமாக அமரலாம். எப்படி முடிகிறது? மற்றக் கார்களுக்கு முன்னால் மூக்குப்போல் நீண்டிருக்கும் பகுதி இதற்குக் கிடையாது. எஞ்சினை முன் இருக்கைகளின் அடியில் வைத்து, மிச்சமான இடத்தை மனிதருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இடம் ஓரிடத்தில் மிச்சமானால் வேறோரிடத்தில் குறையத்தானே வேண்டும்? முன் இருக்கையைத் தூக்கி, அடியிலுள்ள மூடியைத் திறந்தால், சிறு பெட்டிக்குள் பெரிய குடும்பமே வசிப்பதுபோல் இருக்கிறது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின், அதைச் சுற்றி ரப்பர்க் குழாய்கள், கம்பிகள், இரும்புச் சட்டங்கள்! கையை விடவே இடம் தேட வேண்டும். இந்த நெருக்கத்துக்குள்தான் மூன்று ஸ்பார்க் பிளக்குகளும் ஒளிந்திருக்கின்றன.

தீப்பொறி வரும் வழி

பெட்ரோல் எஞ்சினில், பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் சென்று நன்றாக அமுக்கப்படுகிறது. சரியான நொடியில் அதற்குத் தீ வைக்க வேண்டும். அந்தத் தீக்குச்சிதான் ஸ்பார்க் பிளக். டீசல் எஞ்சினுக்கு இது தேவையில்லை. அங்கே காற்றை மிகுதியாக அமுக்கும்போது உண்டாகும் வெப்பமே டீசலை எரித்துவிடும். மின்சார வண்டிகளுக்கோ எரிபொருளும் இல்லை, பிளக்கும் இல்லை.

வேனின் பாட்டரி கொடுப்பது 12 வோல்ட்டு. பொறி பறக்க அது போதாது. ஆகவே இக்னிஷன் காயில் என்னும் கருவி இடையில் இருக்கிறது. அதனுள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்று சில நூறு சுற்றுகள் கொண்டது. மற்றொன்று பல்லாயிரம் சுற்றுகள் கொண்டது. முதற்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால், மின்காந்தத் தூண்டலால் இரண்டாம் சுருளில் ஏறத்தாழ 20,000 வோல்ட்டு வரை எழுகிறது. பாடப் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்யும் மின்காந்தத் தூண்டல், இருக்கைக்கு அடியிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது!

இந்த உயர் மின்னழுத்தம் தடித்த ஒரு கம்பி வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிறது. அது, பந்தியில் முறைப்படி பரிமாறுகிறவரைப்போல், ஒவ்வொரு பிளக்குக்கும் அதற்குரிய கம்பி வழியாகப் பங்கிடுகிறது. எங்கள் வேனில் அந்த முறை 1, 3, 2 என்பதாகும். ஆக மொத்தம் நான்கு கம்பிகள்: காயிலிலிருந்து ஒன்று, பிளக்குகளுக்கு மூன்று.

பிளக்கின் நடுவே ஓர் உலோக முனை. அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான். அதற்கு வெளியே மரையுள்ள இரும்பு உறை. உறையிலிருந்து வளைந்த சிறு கொக்கி ஒன்று நடு முனைக்கு எதிரே நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி எங்கள் வேனுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். அந்த இடைவெளியைத் தாண்டும்போதுதான் பொறி பிறக்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றுவதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு பிளக்கும் பொறி விட வேண்டும். அப்படியானால் ஒரு பிளக் நிமிடத்திற்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. நாம் கண்ணிமைப்பதற்குள் சில பொறிகள் பிறந்து மறைந்துவிடும்!

இருட்டில் கண்டது

வெள்ளிக்கிழமை இரவே அண்ணாச்சி எங்களைக் கொட்டகைக்கு அழைத்து, விளக்கை அணைக்கச் சொன்னார். கம்பிகள் காய்ந்திருந்ததால் வேன் மீண்டும் கிளம்பியது. இருக்கையைத் தூக்கி வைத்து, “கிட்ட வராதீங்க பிள்ளைகளா, அங்கிருந்தே பாருங்க” என்றார். கறுப்புக் கம்பிகளின்மேல் இரண்டு இடங்களில், மின்மினிபோல் நீலப் பொறிகள் துள்ளின. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே எஞ்சின் இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் என்ன? கம்பியின் மேலுள்ள ரப்பர் உறை பல ஆண்டுகள் எஞ்சின் சூட்டில் வெந்து, காய்ந்து, வெடித்துப்போகிறது. மின்சாரம் எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். வெடிப்பில் மழை நீரும் பட்டுவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. பாலத்தடி நீர் தெறித்துக் காயில் கம்பி நனைந்தபோது, மூன்று சிலிண்டர்களுக்கும் ஒரே சமயத்தில் பொறி கிடைக்கவில்லை. அதனால்தான் வேன் முழுவதுமாக நின்றது.

“அப்படியானால் ஐந்து மாத இருமலுக்கும் கம்பிதான் காரணமா, அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

“பிளக் புதுசு. ஜூன் மாசந்தான் பட்டறையில கொடுத்து மூணும் மாத்தினது. கம்பியாத்தான் இருக்கும். நாளைக்குப் பாப்போம்” என்றார்.

வேலை முறை

சனிக்கிழமை காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருந்த நேரத்தில் வேலை தொடங்கியது. சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றக் கூடாது. சிலிண்டரின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. சூட்டில் இரும்புப் பிளக்கைத் திருகினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். கையும் வெந்துவிடும்.

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினார். பிறகு ஒவ்வொரு பிளக் கம்பியிலும் 1, 2, 3 என்று எழுதிய காகிதத்தை எங்களை ஒட்டச் சொன்னார். கம்பிகள் மாறிவிட்டால் பொறி தவறான நேரத்தில் விழும், எஞ்சின் ஓடாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டுமே கழற்ற வேண்டும் என்பது அவர் விதி.

கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிளக்கின்மேல் இருக்கும் ரப்பர்த் தொப்பியைப் பிடித்து, இப்படியும் அப்படியும் சற்றுத் திருகி, நேராக மேலே இழுக்க வேண்டும். தொப்பி வந்ததும் அண்ணாச்சி எங்களிடம் ஒரு சைக்கிள் பம்பைக் கொடுத்தார். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து நீக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றும்போது மணல் சிலிண்டருக்குள் விழுந்து அதன் சுவரைக் கீறிவிடும்.

பிறகு பிளக் ஸ்பேனரைப் போட்டு இடப்புறமாகத் திருகினார். முதல் பிளக் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிளக்கின் முனையைக் கொண்டே எஞ்சினின் உடல்நிலையை அறியலாம். முனை வெளிர்ப் பழுப்பு நிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே பொறியே விழவில்லை.

எங்கள் முதல் பிளக் பழுப்பு நிறம், பீங்கான் பளிச்சென்றிருந்தது. இரண்டாவதும் அப்படியே. இரண்டின் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டால் அளந்தோம். 0.8 மில்லிமீட்டர் தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தது. அண்ணாச்சியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

மூன்றாவது பிளக்

மூன்றாவது எங்கே? டார்ச் அடித்துத் தேடினோம். இருக்கைச் சட்டத்தின் அடியில், இரண்டு ரப்பர்க் குழாய்களுக்குப் பின்னால், தொப்பியின் நுனி மட்டும் தெரிந்தது. அண்ணாச்சி கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரைகூடப் போகவில்லை. சட்டத்தில் உரசித் தோல் சிவந்ததுதான் மிச்சம்.

“சின்னக் கைதான் போகும்” என்றார்.

எங்களுள் கை மெலிந்த ஒருத்தி வளையலைக் கழற்றிவிட்டுக் கையை நுழைத்தாள். மற்றவர்கள் டார்ச் பிடித்தோம். தொப்பியைத் திருகினாள். அது அசையவே இல்லை. மெல்ல மெல்லத் திருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்தாள். நீண்ட கம்பியும், எந்தப் பக்கமும் மடங்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் சேர்த்து ஸ்பேனரைக் குழாய்களுக்கிடையே செலுத்தினார் அண்ணாச்சி. பிளக் துருவேறி இறுகியிருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்த பிறகே அது இளகியது.

வெளியே வந்த பிளக்கைக் கண்டு நாங்கள் வியப்புற்றோம். பீங்கான் மஞ்சளேறி, உறை துருப்பிடித்து, எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. முனை கறுத்துப் பெட்ரோலில் நனைந்திருந்தது. கூர்மையாக இருக்கவேண்டிய விளிம்புகள் கூழாங்கல்போல் மழுங்கியிருந்தன. ஃபீலர் கேஜின் மிகத் தடித்த தகடும் இடைவெளியில் தாராளமாக நுழைந்தது. இது ஐந்து மாதப் பிளக் அன்று. பல ஆண்டுப் பிளக்!

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், இருக்கைக்குப் பின்னாலிருந்த கருவிப் பெட்டியைக் கவிழ்த்தார். ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து சிறிய அட்டைப் பெட்டி ஒன்று உருண்டு வந்தது. அதைத் திறந்தார். உள்ளே புதிய பிளக், எண்ணெய்க் கறைகூடப் படாமல் இருந்தது.

பட்டறையில் இரண்டு பிளக்குகளை மாற்றிவிட்டு, கை எட்டாத மூன்றாவதை விட்டுவிட்டார்கள். புதியதைத் திருடவில்லை, பெட்டியில் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்களுக்குக் கோபம் வந்தது. எங்களுள் ஒருத்தி, “அவர்களைச் சும்மா விடக்கூடாது, அண்ணாச்சி” என்றாள்.

அவர் சற்று நேரம் அந்தப் பழைய பிளக்கையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சொல்லாதது அவங்க தப்பு. கேக்காதது என் தப்பு. பழைய பிளக் மூணையும் குடுங்கன்னு அன்னைக்கே கேட்டிருந்தா ரெண்டுதான வந்திருக்கும்? அஞ்சு மாசமா வண்டி இருமிச்சு. பெட்டி என் முதுகுக்குப் பின்னாலதான் இருந்துச்சு.”

நாங்களும் தலை குனிந்தோம். அந்த இருமலைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்களே அல்லவா?

இப்போது எல்லாம் விளங்கியது. இடைவெளி பெரிதானால் அதைத் தாண்ட இன்னும் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவே சுமார் 3,000 வோல்ட்டு தேவை. அமுக்கப்பட்ட காற்றில் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். தாண்ட முடியாத மின்சாரம் கம்பியின் வெடிப்பு வழியாகத் தப்பி ஓடுகிறது. தேய்ந்த பிளக்கே கம்பியையும் கெடுக்கிறது. எரியாத பெட்ரோலோ புகைக்குழாய் வழியாக வீணாகிறது. மூன்றில் ஒரு சிலிண்டர் உழைக்காததால் மற்ற இரண்டும் அதையும் சேர்த்து இழுக்கின்றன. அதுவே வேனின் இருமல்.

புதியதைப் பொருத்திய விதம்

நெருக்கமான இடத்தில் புதிய பிளக்கைப் பொருத்த அண்ணாச்சி ஓர் எளிய வழி காட்டினார். ஒரு சாண் பெட்ரோல் டியூபை எடுத்து, அதன் ஒரு முனையைப் பிளக்கின் தலையில் மாட்டினார். டியூபைப் பிடித்துக்கொண்டு பிளக்கைத் துளையில் வைத்து, விரலாலேயே வலப்புறம் திருகச் சொன்னார். மரை சரியாகப் பொருந்தினால் பிளக் சுலபமாக இறங்கும். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை கெடாது. ஸ்பேனரின் பலத்தில் கோணல் தெரியாமல் போய்விடும். ஆகவே முதலில் விரல், கடைசியில்தான் ஸ்பேனர்.

பிளக் அடியில் உட்கார்ந்த பிறகு, புதிய வாஷர் உள்ள பிளக்கை அரைச் சுற்று முறுக்கினால் போதும். முன்பே பயன்பட்ட பிளக்காயின் அதைவிடக் குறைவு. “பலம் இருக்குன்னு காட்டற இடம் இது இல்ல” என்றார் அண்ணாச்சி.

அடுத்து நான்கு புதிய கம்பிகள். பழையதன் நீளத்துக்குச் சமமான புதியதை ஒவ்வொன்றாக எடுத்து, எண் பார்த்து மாட்டினோம். ‘டக்’ என்ற ஓசை கேட்கும்வரை தொப்பியை அழுத்த வேண்டும். புகைக்குழாயின் சூட்டில் கம்பி படாமல் பிடிப்பானில் செருக வேண்டும்.

கடைசியாக அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே சீராகப் பாடியது. ஐந்து மாதத்துக்குப் பிறகு வேன் நடுங்காமல் நின்றதைக் கண்டோம். ஜன்னல் கண்ணாடிகூட அதிரவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கை கை கழுவச் சோப்பும் தேங்காய் நாரும் கொண்டு வந்து நின்றிருந்தாள்.

ஒரு பெண்மணியின் பயணம்

இதெல்லாம் பெண்களுக்கு ஏற்ற வேலையா என்று சிலர் கேட்கலாம். ஜெர்மனியில் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். அவ்வளவு நெடுந்தொலைவுக்கு மோட்டார் வண்டி சென்றது அதுவே முதல் முறை. வழியில் அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தீப்பொறிக் கம்பியின் காப்பு கெட்டபோது தம் காலுறைப் பட்டையையே அதற்கு உறையாகச் சுற்றினார் என்று சொல்லப்படுகிறது. நாங்கள் மாற்றியதும் அத்தகைய கம்பியைத்தான்!

நம் நாட்டில் ‘மைக்கோ பிளக்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த மைக்கோ நிறுவனம் 1951-இல் தொடங்கப்பட்டது. 2008-இல் அதன் பெயர் பாஷ் என மாறியது. ஆயினும் பழைய மெக்கானிக்குகளின் நாவில் இன்றும் பழைய பெயரே நிற்கிறது.

தோழியரே, பெற்றோரே! எஞ்சின் ஓடும்போது பிளக் கம்பியைத் தொடாதீர்கள். பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் தீயைக் கொண்டு செல்லாதீர்கள். எங்களைப் போன்ற சிறியவர்கள் பெரியவர் துணையின்றி இவ்வேலையில் இறங்கக் கூடாது. வண்டியைப் பட்டறையில் கொடுத்தால், திரும்பி வாங்கும்போது, “கழற்றிய பழைய சாமான்களைக் காட்டுங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். மூன்று புதியதற்குக் காசு கொடுத்தால், மூன்று பழையது கைக்கு வர வேண்டும். வண்டி இருமினால் அதற்குப் பழகிப்போகாதீர்கள்.

அந்தப் பழைய பிளக் இப்போது எங்கள் அறிவியல் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதன் கீழே, “எட்டாத இடத்தில் இருந்தது” என்று எழுதி வைத்திருக்கிறோம். வீட்டுப் பாடத்தில் கடினமான கணக்கை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதி வைக்க நினைக்கும்போது, அந்தப் பக்கம் போனால் போதும். திரும்பி வந்து விட்ட கணக்கையும் போட்டுவிடுகிறோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி